விநாடி முள் நான்கு நான்காகத் தாவுகிறது, கண்ணாடிக்குள் ஆவியும் படர்கிறது: வாட்ச் போய்விட்டதா?

நெக்கர்கரை

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். நான்கு வருடம் முன்பு இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், 200 யூரோவுக்குள் ஒரு ஜெர்மன் குவார்ட்ஸ் வாட்ச் வாங்கினேன். 38 மி.மீ., வெள்ளை டயல், எண்களே கிடையாது, மெல்லிய கோடுகள் மட்டும். கண்ணாடி குமிழாக வளைந்த பிளெக்ஸி, அதாவது ஒருவகை பிளாஸ்டிக். முழுக்கைச் சட்டைக்குள் இடிக்காமல் போய்வரும். அதற்கப்புறம் வேறு வாட்ச் வாங்க எனக்குத் தோன்றியதே இல்லை.

போன ஆகஸ்டில் நின்றுவிட்டது. ரயில் நிலையத்தில் சாவி வெட்டிக் கொடுக்கும் கடை ஒன்றில் செல் மாற்றினேன். பத்து நிமிட வேலை. ஐந்து மாதம்தான் ஆகிறது, இப்போது விநாடி முள் அப்படியே நிற்கிறது, அப்புறம் ஒரே தாவலில் நான்கு கோடு கடக்கிறது. திரும்ப நிற்கிறது. ஆனால் நேரம் சரியாகவே இருக்கிறது.

இன்னொன்று: இந்த வாரம் காலையில் வெளியே மைனஸ் 6. டிராமுக்குக் காத்து நிற்கும்போது கண்ணாடியின் உள்பக்கம் ஒரு காசு அளவுக்கு ஆவி படர்ந்தது. ஆபீஸ் போய் அரை மணியில் மறைந்தது. மறுநாளும் அப்படியே.

கூட வேலை பார்ப்பவர்கள் புதிதாக வாங்கிவிடு என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இங்கே வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கியது.

நெடுங்கோடு

ஜெர்மன் வாட்ச் என்றால் ஃபுங்க் வகையா என்று முதலில் பாருங்கள். ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் நேர சிக்னலைப் பிடித்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை. யுங்ஹான்ஸ் என்ற ஜெர்மன் வாட்ச் நிறுவனம் 1990-லேயே மெகா 1 என்று அப்படி ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தது. சிக்னல் தேடும் நேரத்தில் முட்கள் வழக்கம்போல் நகராது.

நெக்கர்கரை

இல்லை நண்பரே, சாதாரண குவார்ட்ஸ்தான். நேரம் மாற்ற நானே பக்கவாட்டில் இருக்கும் சாவியை இழுத்துத் திருப்ப வேண்டும்.

லூப்கண்

"நேரம் சரியாகவே இருக்கிறது" என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. முள் தாவுவது கோளாறு இல்லை. செல் தீரப்போகிறது என்று வாட்ச் முன்கூட்டியே சொல்கிறது. ரோண்டா, ஈடிஏ போன்ற சுவிஸ் இயந்திரங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. விலை குறைந்த ஜெர்மன் வாட்ச்களில் பலவற்றைத் திறந்தால் உள்ளே சுவிஸ் இயந்திரம்தான் இருக்கும்.

உள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அதை 15 முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புதான் முள்ளை ஒரு படி தள்ளுகிறது. செல்லின் வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், சர்க்யூட் நான்கு விநாடிக்குக் காத்திருந்து நான்கு படியையும் மளமளவென்று தள்ளிவிடும். கணக்கு ஒன்றுதான், அதனால்தான் நேரம் பிசகவில்லை.

புதுச் செல் ஏன் ஐந்தே மாதத்தில் இறங்கியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அல்கலைன் செல் போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். வாட்சுக்கு உரியது சில்வர் ஆக்ஸைடு. அது 1.55 வோல்ட்டில் கிட்டத்தட்ட கடைசிவரை சமமாக நின்று, முடிவில் சட்டென்று விழும். அல்கலைன் 1.5-ல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வரும். உதாரணத்துக்கு 371 என்ற சில்வர் ஆக்ஸைடு செல்லும் ஏஜி6 என்ற அல்கலைன் செல்லும் ஒரே அளவுதான், குழிக்குள் கச்சிதமாக உட்காரும். முள்ளும் ஓடும், வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வோல்ட் சரிந்து அந்த அளவைத் தொட்டதும் முள் தாவ ஆரம்பித்துவிடும், செல்லில் இன்னும் சக்தி மிச்சம் இருந்தாலும்.

தள்ளிப்போடாதீர்கள். அல்கலைன் கசியும். கசிந்த நீர் மோட்டார் சுருளைத் தொட்டால், முடியைவிட மெல்லிய அந்தக் கம்பி அரித்துப் போகும். அப்படிப் போன வாட்ச்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் வருத்தம்தான்.

போர்ட்ஸ்ஹைம்_மாமா

தம்பி, பற்றரி பற்றி மேலே சொன்னது சரி. நான் அந்த ஆவியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். யேர்மனியில் 30 வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் மணிக்கூட்டுக் கூடு பூட்டும் பட்டறையில் வேலை.

முதலில் ஒரு சோதனை. மணிக்கூட்டை அரை மணி நேரம் கையில் கட்டி, உடம்புச் சூடு ஏறியதும் கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்ளே புகார், அதாவது ஆவி தெரிந்தால் ஈரம் உள்ளேதான் நிற்கிறது. பட்டறையிலும் இதையே 40 முதல் 45 பாகைச் சூட்டுத் தட்டில் வைத்துச் செய்வோம்.

பிறகு பின்மூடியின் ஓரத்தைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். அமுக்கிப் பூட்டும் மூடியாக இருந்தால், அதன் விளிம்பில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். சாவியின் தண்டு வருகிற இடத்துக்கு நேரே அந்த வெட்டு வரவேண்டும். கொஞ்சம் விலகிப் பூட்டினாலும் மூடி ஒரு பக்கம் முழுதாக இறங்காது, ரப்பர் வளையம் நசுங்கி மடியும். அவசரத்தில் பூட்டுகிறவர்கள் அதிகம் விடுகிற பிழை இதுதான்.

மேசைக் கத்தியால் நீங்களே திறக்க வேண்டாம். திறப்பது சுலபம், பூட்டுவதுதான் கஷ்டம். குமிழ்க் கண்ணாடிக்கு மேலே தட்டையான அச்சை வைத்து அமுக்கினால் கண்ணாடி வெடித்துவிடும். நடு குழிந்த அச்சு வேண்டும், அழுத்தம் கூட்டின் விளிம்பில் மட்டும் விழவேண்டும். அரிசிக்குள் புதைப்பது, முடி காயவைக்கும் மெஷினால் ஊதுவது இரண்டும் கூடவே கூடாது. பிளெக்ஸிக்குச் சூடு ஆகாது. நல்ல உர்மாக்கரிடம் (மணிக்கூடு திருத்துபவரிடம்) கொடுங்கள், இந்த வாரமே.

தேன்மொழி_ம்யூனிக்

ரசீது இருக்கிறதா? இந்த ஊர் சட்டப்படி செய்த வேலையில் குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லலாம். தயங்காமல் கேளுங்கள்.

நெக்கர்கரை

ரசீது இருக்கிறது அக்கா, ஆனால் அதே கையில் மறுபடி கொடுக்க எனக்குத் துணிவில்லை.

மாமா, சொன்னபடியே செய்தேன். சொட்டு விட்ட இடத்தில் பொட்டு மாதிரி வட்டமாக ஆவி வந்தது. பின்மூடி ஓரத்தில் நகம் வழுக்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் மாட்டியது. வெளிச்சத்தில் பிடித்தால் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஐந்து மாதம் இதைத்தான் கட்டிக்கொண்டு கை கழுவியிருக்கிறேன். நாளைக் காலை கொண்டுபோகிறேன்.

நெக்கர்கரை (நான்கு நாள் கழித்து)

வாங்கி வந்துவிட்டேன். வயதான உர்மாக்கர், என் முன்னாலேயே திறந்து காட்டினார். லூப்கண் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி: செல்லின் முதுகில் ஏஜி6 என்று இருந்தது. அதன் ஓரத்தைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு. இயந்திரத்துக்குள் இன்னும் இறங்கவில்லை. இரண்டு வாரம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். ரப்பர் வளையத்தைச் சாமணத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு நூல் மாதிரி, ஓர் இடத்தில் மட்டும் மடிந்து தகடாகியிருந்தது. மூடியின் வெட்டு சாவியிலிருந்து அரைச் சென்டிமீட்டர் விலகி இருந்ததாம். சாவித் தண்டில் மிளகை விடச் சின்னதாக ஒரு துருப்புள்ளி, அதைத் துடைத்துவிட்டார்.

சில்வர் ஆக்ஸைடு செல், கிரீஸ் தடவிய புது வளையம், இரவு முழுக்க உலரவிட்டுப் பூட்டி, 3 பாருக்கு அழுத்தச் சோதனை. மொத்தம் 32 யூரோ. 3 பார் என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான், நீச்சலுக்கு இல்லை என்று இரண்டு முறை சொன்னார்.

முள் இப்போது விநாடிக்கு விநாடி நடக்கிறது. ஒன்று மட்டும்: 9-லிருந்து 11 வரை கோட்டின் மேல் விழாமல் கால் கோடு தள்ளி விழுகிறது. முன்பு கவனித்ததில்லை. இதற்காகத் திரும்பப் போகலாமா?

லூப்கண்

வேண்டாம். பல் சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் தளர்வு எப்போதும் இருக்கும். அந்தப் பகுதியில் முள் மேல்நோக்கி ஏறுகிறது, தன் எடையாலேயே அந்தத் தளர்வு அளவுக்குப் பின்வாங்கும். வாட்சைத் தட்டையாக வைத்துப் பாருங்கள், குறையும்.

எண் அச்சிட்ட, அலங்காரம் நிறைந்த டயலில் இதைக் கண்டே பிடிக்க மாட்டீர்கள். உங்கள் டயல் மாக்ஸ் பில் 1961-ல் யுங்ஹான்ஸுக்கு வரைந்த கைக்கடிகாரத்தின் வழியில் வந்தது. டெஸ்ஸாவ் நகரில் இருந்த பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர் அவர், உல்ம் வடிவமைப்புப் பள்ளியின் முதல் தலைவர். தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டால் கண் போய் நிற்க மிச்சம் இருப்பது கோடும் முள்ளும்தான், அதனால் கால் கோடு விலகினாலும் தெரிகிறது. அந்த எளிமைதானே உங்களுக்குப் பிடித்தது! அடுத்த முறை செல் மாற்றும்போது முள்ளைக் கழற்றிக் கோட்டுக்கு நேராக மாட்டச் சொல்லுங்கள். அதுவரை மூடியைத் திறக்கவே வேண்டாம்.

போர்ட்ஸ்ஹைம்_மாமா

மூடியின் உட்பக்கம் திகதி கீறினாரா? நல்ல உர்மாக்கர்கள் கீறுவார்கள்.

நெக்கர்கரை

கீறினார் மாமா, ஊசி முனையால், பூட்டுவதற்கு முன். சரி, முள்ளை அப்படியே விட்டுவிடுகிறேன். நாளைக் காலை மைனஸ் 8 என்கிறார்கள். டிராம் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நெக்கர்கரை (மறுநாள்)

பதினைந்து நிமிடம் நின்றேன். கண்ணாடி தெளிவாக இருந்தது.