உடைந்த இம்பெல்லரின் மூன்று துண்டுகள்

சிங்கப்பூரின் மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து நங்கூரமிட்ட கப்பல்களுக்கு மாலுமிகளையும் உதிரிப்பொருள்களையும் கொண்டுசெல்லும் ஒரு சிறிய லாஞ்சில், எஞ்சின் டிரைவர் உரிமத்துக்காகப் பயின்றுகொண்டிருந்தபோது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரைக் கூலருக்குள் ஓடும் கடல்நீர் குளிர்விக்கிறது என்பதை வகுப்பில் படம் வரைந்தே கற்றிருந்தேன். ஆனால் ஒரு பிற்பகலில், வழக்கமாக 80 பாகையை ஒட்டி நிற்கும் வெப்பமானியின் முள் 90-ஐத் தாண்டி ஏறத் தொடங்கியதும், என் கை நன்னீர்த் தொட்டியின் மூடியை நோக்கித்தான் போயிற்று.

எனக்குப் பயிற்சியளித்த அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், தம்பி. முதலில் எக்ஸாஸ்டைப் போய்ப் பாருங்கள்" என்றார். எங்கள் படகில் கூலரைக் கடந்த கடல்நீர் புகையோடு சேர்ந்தே வெளியேறும். எட்டிப் பார்த்தபோது, கொட்ட வேண்டிய நீர் நூலாகச் சொட்டியது. புகைபோக்கியின் ஓசையும் வறண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து, நாங்கள் சேரவேண்டிய கப்பலின் ஓரத்தில் கட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்தினோம். கடல்நீர் வால்வை அடைத்து, உள்ளே வரும் கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் திறந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை சுருண்டு கிடந்தது.

பையை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் கடல்நீரை இழுக்கும் பம்ப்பையும் திறக்கச் சொன்னார். அதனுள் சுழன்று நீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரமான ரப்பர் இம்பெல்லருக்கு நீர்தான் மசகு; நீரின்றி ஓடினால் சிறிது நேரத்திலேயே தேய்ந்து கிழிந்துவிடும். 6 இதழ்களில் 3 காணாமல் போயிருந்தன. புதிய இம்பெல்லரில் கிளிசரின் தடவி, சுழலும் திசைக்கேற்ப இதழ்களை வளைத்துப் பொருத்தினேன். எஞ்சினை இயக்கப் போன என்னிடம் அவர் கேட்டார்: "அந்த மூன்று துண்டுகள் எங்கே?"

இரண்டு, குழாயின் வளைவில் கிடைத்தன. மூன்றாவது, கூலரின் மூடியைக் கழற்றிய பிறகே அகப்பட்டது. மெல்லிய குழாய்கள் சிலவற்றின் வாயை அது மூடிக்கொண்டிருந்தது. அதை விட்டிருந்தால் மெதுவாகச் செல்லும்போது எல்லாம் சரியாகவே தோன்றியிருக்கும். சரக்கோடு முழு வேகத்தில் செல்லும் நாளில் மீண்டும் சூடேறியிருக்கும். உறுப்புகளின் பெயரைக் கேட்கும் தேர்வுகள், உடைந்த துண்டைத் தேடும் இந்தப் பழக்கத்தையும் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

லாஞ்சில் பயின்ற தம்பி மேலே எழுதியதைப் படித்தபோது, இழுவைப் படகில் நான் கழித்த முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. எங்களைச் சிக்கவைத்தது டீசல். பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய கசடாகின்றன. பெரிய கப்பலொன்று கடந்துபோன அலையில் தொட்டி குலுங்கியதும் அந்தக் கசடு கிளம்பி ஃபில்டரை அடைத்தது; சரக்கேற்றும் பார்ஜ் பின்னால் கட்டியிருந்த நிலையில் எஞ்சின் நின்றுவிட்டது. ஃபில்டரை மாற்ற எனக்குத் தெரியும். ஆனால் குழாய்க்குள் புகுந்த காற்றை, ஃபில்டரில் தொடங்கி எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்ப்புவரை படிப்படியாக வெளியேற்றும் வேலையை, நான் பயின்ற இடத்தில் கரும்பலகையில் மட்டுமே காட்டியிருந்தார்கள். அன்று கடலில், நடுங்கும் கைகளோடு அதைக் கற்றுக்கொண்டது இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதன்பின் காலைதோறும் தொட்டியின் அடிநீரைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கிறேன். மாலையில் தொட்டியை நிரப்பியே படகைக் கட்டுகிறேன்.

*

2030 முதல் இங்குள்ள துறைமுக நீர்ப்பரப்பில் இயங்கவரும் புதிய படகுகள் முழுதும் மின்சாரத்தில் இயங்குபவையாகவோ, பி100 எனும் கலப்பில்லாத உயிரி எரிபொருளை ஏற்பவையாகவோ, மொத்தக் கணக்கில் கரிம உமிழ்வைக் கூட்டாத நிகரச் சுழிய எரிபொருள்களுக்கு ஒத்தவையாகவோ இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்திருப்பதால், மேலே எழுதிய இருவரைப் போலப் படகில் வேலைசெய்யும் நானும் மின்படகுப் பயிற்சிக்குச் சென்றேன். மின்னிணைப்பைத் துண்டித்து, பூட்டிட்டு, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியக் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்த பிறகே கைவைக்க வேண்டும் என்பதுதான் முதல் நாள் முழுவதும் நாங்கள் செய்த பயிற்சி. டீசல் எஞ்சினில் காதை நம்பிப் பழகிய எனக்கு, ஓசையே எழுப்பாத ஆபத்தோடு பழகுவது கடினமாக இருந்தது. ஆனால் அந்தப் படகின் மோட்டாரையும் கடல்நீர்தான் குளிர்வித்தது. இரண்டாம் நாள் காலையில் நான் முதலில் திறந்தது ஸ்ட்ரெய்னரைத்தான். அதில் ஒரு கைப்பிடிச் சிப்பித் துகள்கள் இருந்தன.