ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் படிச்சவங்க, படிக்கிறவங்க எல்லாம் வாங்க, உங்க அனுபவத்தை கொட்டுங்க

சேலத்து_பார்பெல்:

வணக்கம் மக்களே. இங்க பாதி பேரு ட்ரெய்னரா இருக்கீங்க, மீதி பேரு ஆகணும்னு அலையுறீங்க, அதனால இந்த எஸ் அண்ட் சி (ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங், அதாவது ஆட்டக்காரங்களோட பலத்தையும் தாக்குப்பிடிக்கிற திறனையும் வளக்குற பயிற்சி) படிப்பு படிக்கும்போதோ படிச்சிட்டு வேலைக்குப் போனப்பவோ நடந்த சம்பவம் எதுனாலும் சொல்லுங்க. எந்த கோர்ஸ் எவ்ளோ ஃபீஸ்ங்கற கதை வேணாம், அது தேடுனா கிடைக்கும்.

நானே ஆரம்பிக்கிறேன். பி.பி.எட் (உடற்கல்வி டிகிரி) முடிச்சுட்டு இப்ப சிஎஸ்சிஎஸ்ங்கற, அமெரிக்காவோட என்எஸ்சிஏ அமைப்பு நடத்துற எஸ் அண்ட் சி கோச் பரீட்சைக்கு படிச்சிட்டு இருக்கேன். நடுவுல செலவுக்கு வேணுமேன்னு ஒரு ஜிம்முக்கு இன்டர்வியூ போனேன், பேரு வேணாம். ஓனர் என் ஃபைலை தொறக்கவே இல்ல. "டி-ஷர்ட் சைஸ் என்ன தம்பி"ன்னாரு. யூனிஃபார்முக்கு கேக்குறாரு போலன்னு "மீடியம் சார்"னேன். சிரிச்சுட்டாரு மனுஷன். "மீடியம் போடுற ட்ரெய்னர்கிட்ட எவன்யா பர்சனல் ட்ரெய்னிங் எடுப்பான்"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்றாரு, என்கிட்ட கூட இல்ல. அடுத்த கேள்வி, மாசம் எத்தனை டப்பா ப்ரோட்டீன் தள்ளுவ. அவ்ளோதான் இன்டர்வியூ. ஸ்குவாட் எப்படி சொல்லிக் குடுப்பன்னு ஒரு வார்த்தை கேக்கல.

வீட்ல வேற மாதிரி. "ஜிம்ல வெயிட்டு எடுத்துக் குடுக்க எதுக்குடா பரீட்சை"ன்னு எங்கப்பா. நான் பொறுமையா சொன்னேன், 2011 உலகக் கோப்பை ஜெயிச்ச டீமோட ட்ரெய்னர் நம்ம சென்னை ராம்ஜி ஸ்ரீனிவாசன், அதுக்கப்புறம் வந்த சங்கர் பாசுவும் சென்னைக்காரர்தான், கோலி ஒலிம்பிக் லிஃப்டிங் (போட்டில தலைக்கு மேல தூக்குற பளுதூக்கல்) பக்கம் திரும்பினதுக்கு அவர்தான் காரணம், கோலியே அதை சொல்லியிருக்காருன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப உன்னையும் டீம்ல சேத்துப்பாங்களா"ன்னாரு. அதுக்கு நான் என்னத்த சொல்ல.

வேலூர்_ஸ்னாட்ச்:

அண்ணா அந்த மீடியம் சைஸ் கதை எனக்கு டபுளா நடந்துச்சு, பொண்ணுங்கறதால. அதை விடுங்க, நான் வேற ஒன்னு சொல்றேன்.

எங்க ஊர் பத்தி தெரியும்ல, சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோலயும் 2018 கோல்ட் கோஸ்ட்லயும் பளுதூக்கல்ல காமன்வெல்த் தங்கம் அடிச்சாரே, அந்த வேலூர்தான். இங்க ஸ்கூல் படிக்கிறப்பவே பார் புடிச்ச பிள்ளைங்க நிறைய. எங்க சார் ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருப்பாரு, அட்டைல மஞ்சள் கறை, உள்ள ஒவ்வொருத்தர் பேருக்கும் கீழ பென்சில்ல நம்பர். பால்பாயிண்ட்ல எழுதவே மாட்டாரு, ஏன்னா நாம வார்ம்-அப் பண்றத பாத்துட்டு அன்னைக்கு நம்பரை அழிச்சு குறைச்சு எழுதுவாரு. எனக்கு கோவமா வரும், நேத்து 60 தூக்குனேன் இன்னைக்கு ஏன் சார் 50ன்னு கேப்பேன், "இடுப்பு லேட்டா வருது, போ"ம்பாரு. அதுக்கு மேல விளக்கம்லாம் கிடையாது.

அப்புறம் நான் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படிக்கப் போயி அங்க ப்ரிலெப்பின்ங்கற சோவியத் கோச் பேருல ப்ரிலெப்பின் டேபிள்னு ஒன்னு வந்துச்சு. பழைய சோவியத் லிஃப்டர்ஸோட ட்ரெய்னிங் டைரியெல்லாம் வச்சு போட்ட கணக்கு. நம்ம மேக்ஸ்ல (ஒரே தரம் தூக்க முடிஞ்ச அதிகபட்ச வெயிட்) 80ல இருந்து 90 சதவீதம் வரைக்கும் வெயிட்டுன்னா, நடுவுல ரெஸ்ட் எடுக்காம தூக்குற ஒரு செட்டுக்கு 2ல இருந்து 4 ரெப் (தரம்), எல்லா செட்டும் சேத்து மொத்தமா ஒரு 15 ரெப், 10க்கு கீழ போனா பத்தாது 20ஐ தாண்டுனா ஜாஸ்தி. 90க்கு மேல போனா செட்டுக்கு ஒன்னு ரெண்டுதான், மொத்தமே ஒரு 7 ரெப்தான். லீவுக்கு ஊருக்கு வந்தப்ப சாரோட நோட்ட வாங்கி உக்காந்து கூட்டிப் பாத்தேன். ஏறக்குறைய எல்லா நாளும் அந்த வரம்புக்குள்ளயே இருக்கு! சார்கிட்ட டேபிளை காட்டுனா "யாரும்மா இவரு, ரஷ்யாக்காரரா, பரவால்ல நல்லாத்தான் எழுதியிருக்காரு"ன்னு மார்க் போட்ற மாதிரி சொல்லிட்டு நோட்ட வாங்கி வச்சுக்கிட்டாரு.

படிப்பு வேஸ்ட்னு சொல்ல வரல. சாருக்கு கண்ணு இருந்துச்சு, எனக்கு அந்த கண்ணு வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும், அது வரைக்கும் டேபிள் என்னைய காப்பாத்துது. ஆனா க்ளாஸ்ல என்கூட படிச்சவங்கள்ல பல பேருக்கு கிளீன் (பாரை தரையில இருந்து தோளுக்குத் தூக்குறது) பண்ணவே தெரியாது, கட்டைவிரல மத்த விரலுக்கு அடியில மடக்குற ஹூக் க்ரிப் புடிச்சா கட்டைவிரல் வலிக்குதுன்னு விட்ருவாங்க, ஆனா பரீட்சைல செகண்ட் புல் (பார் முட்டிய தாண்டினப்புறம் வர்ற வேகமான இழுப்பு) பத்தி ஒரு பக்கம் எழுதுவாங்க. அது எனக்கு இன்னும் ஜீரணிக்கல.

ஒட்டன்சத்திரம்_ரெய்டர்:

வேலூர் தங்கச்சி சொன்னதுல பாதி ஒத்துக்கிறேன், பாதி ஒத்துக்கல. கண்ணு இருக்குற வாத்தியார் கிடைச்சா சரி, எங்களுக்கு கிடைச்சது "ஓடுறா"ங்கற வாத்தியார்தான்.

நான் பழைய கபடி ப்ளேயர், முட்டி போனதால ஆட்டத்த விட்டுட்டு எஸ் அண்ட் சி பக்கம் வந்தவன். எங்க ஏரியா டீம்ல ட்ரெய்னிங்னா காலைல அஞ்சு மணிக்கு குளத்தங்கரை சுத்தி ஓட்டம், அப்புறம் தண்டால், பஸ்கி, முடிஞ்சா கர்லாக்கட்டை, அப்புறம் நேரா ஆட்டம். படிக்கும்போது முதல்ல சொல்லித் தர்றதே இதுதான், எந்த ஆட்டமோ அந்த ஆட்டத்த உக்காந்து அளந்து பாரு, அப்புறம் ப்ரோக்ராம் எழுது. சரின்னு ஒரு டோர்னமெண்ட்ல ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமா உக்காந்தேன். ரெய்டு 30 செகண்டுக்குள்ள முடியணும்ங்கறது ரூல், உள்ள போயி உரசிட்டு வர்றதுக்கு பல பேருக்கு அதுல பாதி கூட ஆகல. அதுலயும் உயிரக் குடுத்து இழுக்குறது கடைசி ரெண்டு மூணு செகண்டு. அப்புறம் வந்து நிக்கிறான், மத்தவன் போறான், திருப்பி இவன் முறை வர நேரம் இருக்கு. இதுக்கு எதுக்குய்யா அஞ்சு கிலோமீட்டர் மெதுவோட்டம்? அந்த வெடிப்புக்கு வேண்டிய சக்தி தசைல கொஞ்சூண்டுதான் இருக்கு, முழு வேகத்துல பத்து செகண்டு பக்கம் தாங்கும், திரும்ப நிரம்ப சில நிமிஷம் ஆகும். அதைத்தான் பழக்கணும்.

ஓட்டத்த குறைச்சு, குட்டி ஸ்ப்ரிண்ட் போட்டு நடுவுல நல்லா ரெஸ்ட் குடுத்தேன். டீம் கேப்டன் கடுப்பாயிட்டாப்ல. "ண்ணே, பசங்க வேர்க்கவே இல்ல, சும்மா உக்காந்துட்டு இருக்கானுங்க, ஊருக்குள்ள என்ன பேசுவாங்க"ங்கறாப்ல. ரெஸ்ட்ங்கறது ட்ரெய்னிங்ல ஒரு பகுதின்னு எப்படி சொன்னாலும் ஏறல. கடைசியா நான் சொன்னது, சரிப்பா ரெஸ்ட்டுன்னு நெனைக்காத, மூச்சு வாங்காம திரும்பி நிக்கிறவனத்தான் அடுத்த ஓட்டத்துக்கு விடுவேன், யாரு முதல்ல தயாராகுறான்னு பாப்போம்னேன். போட்டின்னு வந்தவொடனே எல்லாம் சரியாயிடுச்சு.

இன்னொன்னு, தொடையோட பின் சதைக்கு நார்டிக் கர்ல் போட்டோம். மெஷின் எதுவும் வேணாம், ஒருத்தன் முட்டி போடணும், இன்னொருத்தன் கணுக்கால கெட்டியா அமுக்கிப் புடிக்கணும், முட்டி போட்டவன் உடம்ப மரம் மாதிரி விறைப்பா வச்சுக்கிட்டே முன்னாடி மெதுவா சாயணும். முதல் நாள் எல்லாரும் தொப்புனு விழுந்தானுங்க, மறுநாள் ஒருத்தனும் மாடிப்படி இறங்கல. அளவு கம்மியா ஆரம்பிங்கன்னு புஸ்தகத்துல கறுப்பு எழுத்துல போட்டிருப்பாங்க, பசங்க எங்க கேக்குறாங்க, ரெண்டு செட் போதும்னு சொன்னதுக்கு எதிர்ல இருக்குறவன தோக்கடிக்க நாலு போடுவானுங்க.

இன்ஜினியர்_டு_ட்ரெய்னர்:

நடுவுல ஒரு டவுட். நான் மெக்கானிக்கல் படிச்சவன், சிஎஸ்சிஎஸ் எழுத முடியுமா? ஸ்போர்ட்ஸ் டிகிரி இருந்தாத்தான் விடுவாங்கன்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு.

சேலத்து_பார்பெல்:

இப்போதைக்கு ஏதோ ஒரு பேச்சிலர் டிகிரி இருந்தா போதும் ப்ரோ, கூட சிபிஆர் ஏஇடி (இதயம் நின்னா நெஞ்ச அமுக்கி, ஷாக் மெஷின் வச்சு பண்ற முதலுதவி) சர்டிஃபிகேட் வேணும். ஆனா ரூலை இறுக்கப் போறாங்க, ஸ்போர்ட்ஸ் சம்பந்தப்பட்ட, அவங்க ஒத்துக்கிட்ட கோர்ஸ் படிச்சவங்களுக்கு மட்டும்னு, அதனால எழுதுறதா இருந்தா தள்ளிப் போடாதீங்க. பரீட்சை ரெண்டு பகுதி, சயின்ஸ் 95 கேள்வி ஒன்னரை மணி நேரம், ப்ராக்டிகல் 125 கேள்வி ரெண்டரை மணி நேரம். ரெண்டையும் தனித்தனியா பாஸ் பண்ணணும். ப்ராக்டிகல்ல வீடியோ ஓட விட்டு இவன் என்ன தப்பு பண்றான்னு கேப்பாங்க, மனப்பாடம் செல்லாது. நீங்க மெக்கானிக்கல்ங்கறதால டார்க், லீவர், ஃபோர்ஸ் வெலாசிட்டி எல்லாம் அல்வா சாப்பிட்ற மாதிரி, எனக்குத்தான் அங்க கண்ணு பிதுங்குது.

கோவை_அக்கா:

எல்லாரும் ப்ளேயர்ஸ் கதையே பேசறீங்க, நான் கொஞ்சம் மாத்தறேனுங்க. எனக்கு வர்றவங்க எல்லாம் அம்பது தாண்டின அம்மாக்கள். வெயிட்டுன்னு சொன்னாலே "ஐயோ கண்ணு, கர்ப்பப்பை இறங்கிரும்", "முட்டி தேஞ்சிரும்"னு ஆரம்பிச்சிருவாங்க. ஒரு அம்மா, சக்கரையும் பிரஷரும் உண்டு, டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லி அனுப்பியிருந்தாரு. டெட்லிஃப்ட் (தரையில இருக்கற வெயிட்ட இடுப்ப மடக்கி தூக்கறது) சொல்லித் தரலாம்னு பாத்தா நான் "ஹிப் ஹிஞ்ச்"ங்கறேன், "இடுப்ப மடக்குங்க"ங்கறேன், அவங்க முதுக வளைச்சு கோலம் போட குனியற மாதிரி குனியறாங்க. எத்தன தரம் செஞ்சு காட்டினாலும் அதேதான். கோர்ஸ்ல ஒன்னு படிச்சிருந்தேன், உடம்ப பத்தி பேசாத, வெளிய இருக்கற பொருள பத்தி பேசுன்னு. அவங்கள செவுத்துக்கு கொஞ்சம் முன்னால, முதுகு செவுத்துப் பக்கம் இருக்கற மாதிரி நிக்க வச்சு, "ரெண்டு கையிலயும் காய்கறிப் பை இருக்குதுங்க, காரு கதவ பின்பக்கத்தால சாத்துங்க"ன்னேன். பொசுக்குனு வந்துருச்சு! அவ்வளவு அழகா. அவங்களே திரும்பிப் பாத்து "இதுவா, இத நான் டெய்லி பண்றேனே"ங்கறாங்க.

அதுக்கப்புறம் மெல்ல மெல்ல வெயிட்டு ஏத்தினோம். மூச்ச அடக்காதீங்க, தூக்கும்போது ஊதுங்கன்னு பக்கத்துலயே நின்னு சொல்லிட்டே இருப்பேன், பிரஷர் இருக்கறவங்க மூச்சடக்கி முக்கினா சட்டுனு இன்னும் ஏறும். வீட்டு கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா முப்பது கிலோ பக்கம் வருமுங்க. அந்தம்மா போன மாசம் அத தூக்கி நகத்திட்டு எனக்கு வாய்ஸ் நோட் போட்டாங்க, பையனுக்கு கூட சொல்லல, முதல்ல எனக்குத்தான்.

சம்பளம் பத்தி யாரும் பேசல, நான் பேசறேன். பெரிய ஜிம்ல நின்னத விட இந்த வீட்டு க்ளாஸ்ல எனக்கு நல்லா வருது, டப்பா விக்கச் சொல்ற ஆளும் இல்ல.

லண்டன்_பெடியன்:

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன்ல இருக்கிறன். இங்க யூகேஎஸ்சிஏ எண்டு எஸ் அண்ட் சி கோச்மாருக்கான அமைப்பு ஒண்டு இருக்குது, அதின்ர அக்ரெடிடேஷன் எடுக்கிறதெண்டா பேப்பர் மட்டும் எழுதி தப்பேலாது. லிஃப்டிங்க நீங்களே செய்து காட்ட வேணும், பிறகு ஆரையாவது கோச் பண்ணியும் காட்ட வேணும், ப்ளையோமெட்ரிக்ஸும் (வேகமா குதிக்கிற பயிற்சி) ஸ்ப்ரிண்டும் அப்பிடித்தான், பிறகு நீங்கள் உண்மையா பழக்கின ஒரு ஆளின்ர கேஸ் ஸ்டடிய கொண்டு போய் அவையின்ர முன்னால நிண்டு கதைக்க வேணும். ஏன் இந்த கிழமை இந்த வெயிட் குடுத்தனீ எண்டு கேப்பினம். புத்தகத்தில இருக்கு எண்டு சொன்னா சரிவராது.

எனக்கு சிக்கலா இருந்தது கதைக்கிறதுதான். எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனா கோச்சிங் இங்கிலீஷ் வேற. கூடக் கதைச்சா "டூ மெனி க்யூஸ்", குறிப்பு கூடிப்போச்சு எண்டு எழுதிப்போடுவினம். ஒரு லிஃப்டுக்கு ஒரு சொல்லுத்தான் சொல்ல வேணும். எங்கட ஆக்கள் ஒரு சொல்லோட நிப்பாட்டுறதோ? வேலூர் தங்கச்சின்ர சார் "இடுப்பு லேட்டா வருது, போ" எண்டவரெல்லே, அந்தாள் இங்க வந்தா கண்ண மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவார்.

நந்தனம்_சீனியர்:

தம்பிகளா, நான் சென்னை ஒய்எம்சிஏ உடற்கல்வி காலேஜ்ல படிச்சவன், 1920ல ஹாரி பக் ஆரம்பிச்ச காலேஜ், பழைய ஆளு, அதனால நல்லத மட்டும் சொல்ல வராது எனக்கு. ஊசி மேட்டரை யாரும் தொடல. ஆபரேஷன் நேரத்துல பிபி விழுந்தா தூக்குறதுக்கு டாக்டர் போடுற மருந்த, ப்ரீ-வொர்க்அவுட்னு சொல்லி ஜிம்முக்கு வர்ற பசங்க வாங்கி நரம்புல ஏத்திக்கிறானுங்க. நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு பையன் டாய்லெட்ல இருந்து வந்தான், கண்ணு விரிஞ்சு கெடக்கு, கை நடுங்குது, பெஞ்ச்ல படுத்து வெயிட்ட ஏத்துங்கண்ணாங்கறான். நாடி புடிச்சு பாத்தேன், எண்ண முடியல அவ்ளோ வேகம். பாரை விட்டு எழுப்பி உக்கார வச்சு, 108க்கு போன் போட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். பொழைச்சுக்கிட்டான். மேனேஜ்மெண்ட் என்ன சொன்னாங்க தெரியுமா, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தா மெம்பர்ஷிப் போயிடுமாம்.

அதனால படிக்கிற பசங்களுக்கு ஒன்னு, சிபிஆர் சர்டிஃபிகேட்ட பேப்பருக்காக வாங்காதீங்க. பொம்மை மேல நிஜமா அமுக்கிப் பழகுங்க, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120, ஆழம் அஞ்சு ஆறு சென்டிமீட்டர், கை வலிச்சாலும் நிறுத்தக் கூடாது. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்ஜினியர்_டு_ட்ரெய்னர்:

சீனியர் அண்ணா, படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. சிபிஆர் கோர்ஸ் இந்த வாரமே புக் பண்றேன். சேலத்து ப்ரோ, கடைசியா ஒன்னே ஒன்னு, மேக்ஸ் வெயிட்ட தூக்க வைக்காமலே கண்டுபிடிக்கிற ஃபார்முலா எது? புதுசா வர்றவங்கள நேரா மேக்ஸ் தூக்க விட பயமா இருக்கு.

சேலத்து_பார்பெல்:

எப்லி ஃபார்முலா ப்ரோ. நெப்ராஸ்கா யுனிவர்சிட்டில ஸ்ட்ரென்த் கோச்சா இருந்த பாய்ட் எப்லியோடது, 1978ல என்எஸ்சிஏ ஆரம்பிச்சவரும் அவரேதான். ரெப்பை 30ஆல வகுத்து ஒன்னு கூட்டி வெயிட்டால பெருக்கணும். 90 கிலோவ 6 தரம் ஸ்குவாட் பண்ணா, 6ஐ 30ஆல வகுத்தா 0.2, அப்ப 90 இன்டு 1.2, 108. ரெப் பத்துக்கு மேல போனா நம்பர் தாறுமாறா வரும், அஞ்சு ஆறுல நிறுத்திக்கோங்க. சுத்தமா புதுசா வந்தவங்களுக்கு இதுவும் வேணாம், முதல்ல வெறும் பாரோட பழகட்டும்.

ஒட்டன்சத்திரம்_ரெய்டர்:

கணக்கு புலிங்க எல்லாம் இங்கதான் இருக்கீங்க போல. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை எங்க டீமுக்கு ஸ்ப்ரிண்ட் டெஸ்ட், ஜம்ப் டெஸ்ட் எடுக்கிறேன். தானா நேரம் பதியுற டைமிங் கேட்லாம் கிடையாது, ஸ்டாப்வாட்ச் புடிக்கவும் நோட்டுல எழுதவும் ஆள் வேணும். பழனி, திண்டுக்கல் பக்கம் இருக்குறவங்க வாங்க, சம்பளம் கிடையாது, மட்டன் சாப்பாடு உண்டு.