ரெயின்கோட்ஸ் என் காதில் விழுந்த கதை

அமெரிக்க ராக் குழுவான நிர்வானா மீது பைத்தியம் பிடித்திருந்த காலத்தில்தான் ரெயின்கோட்ஸ் என்ற லண்டன் பெண்கள் பங்க் குழுவின் பெயரே எனக்குத் தெரிய வந்தது. 1992இல் வந்த நிர்வானாவின் 'இன்செஸ்டிசைட்' ஆல்பத்தின் உறையில் அதன் பாடகர் கர்ட் கோபேன் ரெயின்கோட்ஸைப் பற்றி உருகி உருகி எழுதியிருப்பார். அவர்களுடைய முதல் இசைத்தட்டைத் தேடி லண்டனில் ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடைக்குப் போகிறார். அங்கே கிடைக்கவில்லை. குழுவின் அனா த சில்வா பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று வழி சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் நேரில் போய் நிற்கிறார். இதைப் படித்த பிறகு அந்த ஆல்பத்தைக் கேட்காமல் எப்படி இருப்பது?

1979இல் வந்த ஆல்பம். முதல் பாட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது விக்கி ஆஸ்பின்வாலின் வயலின். முறையாக மேற்கத்திய சங்கீதம் படித்தவர், ஆனால் இங்கே வில் இழைவதில்லை, உரசுகிறது. கிட்டாரோடு மல்லுக்கு நிற்கிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அறுபதுகளின் நியூயார்க் ராக் குழுவில் ஜான் கேல் வாசித்த வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அடியில் டிரம்மர் பால்மாலிவின் டிரம்ஸ் கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். நாலு பெண்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுவதுபோலப் பாடுவார்கள். அப்படியும் பாட்டு சிதறாது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பால்மாலிவ் அதற்கு முன் ஸ்லிட்ஸ் என்ற இன்னொரு லண்டன் பெண்கள் பங்க் குழுவில் இருந்தவர். ரெயின்கோட்ஸில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜினா பர்ச்சுக்கு நாமும் ஒரு குழு தொடங்கலாம் என்ற துணிச்சல் வந்ததே ஸ்லிட்ஸை மேடையில் பார்த்துத்தான். அந்த ஸ்லிட்ஸுக்குள் ஜமைக்காவின் ரெகே இசை ஊறிக் கிடந்தது. லண்டன் ராக்ஸி கிளப்பில் டிஜே டான் லெட்ஸ் பங்க் கூட்டத்துக்கு ரெகே தட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஸ்லிட்ஸின் 'கட்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் ரெகேயிலிருந்து கிளைத்த டப் இசையில் ஊறிய டென்னிஸ் போவெல்தான். அதையும் ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டார் பின்னால் ஒதுங்காமல் பாட்டையே முன்னின்று இழுத்துப் போவது இரண்டிலும் தெரியும்.

அப்புறம் அதே முதல் ஆல்பத்தில் வரும் 'லோலா'. கிங்க்ஸ் (The Kinks) குழுவின் பாட்டு, பெண்ணா ஆணா என்று புரியாத லோலாவிடம் ஓர் ஆண் மயங்கும் கதை. ஆண் குரலில் கேட்டுப் பழகிய அதைப் பெண்கள் பாடும்போது யார் யாரைப் பார்த்து மயங்குகிறார்கள் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

எனக்கு முதல் ஆல்பத்தைவிட நெருக்கமானது 1981இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 'ஓடிஷேப்'. பால்மாலிவ் விலகிய பின் டிரம்மர் இல்லாமலேயே பாட்டுகளைக் கட்டிவிட்டு, தாளத்தைப் பிறகு ஆங்கிலேய இசைக்கலைஞர் ராபர்ட் வயட் போன்றவர்களைக் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். தாளம் பாட்டை ஓட்டவில்லை, அதன் பின்னால் காது கொடுத்து நடக்கிறது. ஹெட்போனில், ராத்திரி, முழுதாகக் கேளுங்கள். ஏற்கெனவே கேட்டவர்கள் எந்தப் பாட்டில் விழுந்தீர்கள் என்று எழுதுங்கள்.