19 வருட வயர்மேன் நான். லைசென்ஸ் எங்கே என்கிறார்கள். திங்கட்கிழமை என்ன பதில் சொல்வது?

புளியந்தோப்பு வயர்மேன்:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து ஐந்து வாரம் ஆகிறது. மின்ட் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். கிண்டி மின் உரிம வாரியத்தின் வயர்மேன் சான்று கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீரில் நின்று மீட்டர் பெட்டி மாற்றியவன். போன வாரம் நம்மவர் ஒருவரின் உணவகச் சமையலறையில் இரண்டு புது சாக்கெட் போட்டுக் கொடுத்தேன். 400 டாலர் தந்தார். வேறு வேலையாக வந்த நகராட்சி இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டுச் சிவப்புச் சீட்டு (வேலை விதிப்படி இல்லை என்ற அறிவிப்பு) ஒட்டிவிட்டார். திங்கட்கிழமை நேரில் வந்து நீயே பதில் சொல் என்கிறார் முதலாளி. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

காசிமேட்டுக்காரன்:
தம்பி, சின்ன வேலைகளை விடுங்கள். கலிஃபோர்னியாவில் சி-10 என்ற எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுத்தால் ராஜா மாதிரி இருக்கலாம். நான்கு வருட அனுபவம் காட்ட வேண்டும், தேர்வு எழுத வேண்டும், 25,000 டாலருக்குப் பத்திர உத்தரவாதம் வைக்க வேண்டும். நான் வந்த புதிதில் பதினோரு மாதம் ஏணி பிடித்தேன். ஏணி மட்டும்தான். மேலே நின்றவனுக்கு என் மகன் வயது.

ராயபுரத்து அக்கா:
எதற்கு இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? லைசென்ஸே தேவையில்லை. என் கணவர் பென்சில்வேனியாவில் இதே வேலைதான் செய்கிறார். அங்கே எலக்ட்ரீஷியனுக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. முதல் குளிர்காலத்தில் கைவிரல் மரத்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாமல் அவர் அழுததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

காசிமேட்டுக்காரன்:
மாநிலம் கேட்காவிட்டால் நகராட்சி கேட்கும், அக்கா. நியூயார்க் மாநிலத்திலும் அப்படித்தான், ஆனால் நியூயார்க் நகரத்தில் லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுத்துப் பாருங்கள்.

ஸ்கார்பரோ செல்வம்:
பேசாமல் கனடா வந்துவிடுங்கள். ஒன்டாரியோவில் 309ஏ என்ற எலக்ட்ரீஷியன் சான்றுக்கு 9,000 மணி நேரம். ஊரில் செய்த வேலையைத் தக்க ஆதாரத்தோடு காட்டினால் மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ள வழி உண்டு. அமெரிக்காவில் நம் அனுபவத்தை யார் மதிக்கிறார்கள்?

காசிமேட்டுக்காரன்:
உண்மை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் இங்கே கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். கடல்காற்றில் உப்பு ஏறிய சுவிட்ச் பெட்டியைத் தட்டிப் பார்த்தே கோளாறு சொல்லும் கை அது. கேட்டால் காகிதம் எங்கே என்கிறார்கள்.

ராயபுரத்து அக்கா:
ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? சான்று புதுப்பிக்கக் கிண்டிக்கு எத்தனை நடை நடந்திருப்போம்!

மணலி மச்சான், டாலஸ்:
புலம்பல் போதும். அவர் எந்த மாநிலம் என்று யாராவது கேட்டீர்களா? புளியந்தோப்பு நண்பரே, எந்த மாநிலம், என்ன விசா, கறுப்பு வயரை எதில் கட்டினீர்கள்? மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு வயர்மேன்:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். டெக்சாஸ். கிரீன் கார்டு, என் மனைவிக்காக மைத்துனர் 2006இல் போட்ட மனு இப்போதுதான் கைகூடியது. கறுப்பு நியூட்ரலில், வெள்ளை பிரேக்கரில். வேறு எப்படிக் கட்டுவது?

மணலி மச்சான், டாலஸ்:
அண்ணா, முதலில் உணவகத்துக்கு போன் செய்து அந்த பிரேக்கரை அணைக்கச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இங்கே கறுப்புதான் உயிர்க் கம்பி, வெள்ளைதான் நியூட்ரல். நம் ஊரில் கறுப்பு நியூட்ரல் என்று கை பழகிவிட்டது. நாளை யாராவது பெட்டியைத் திறந்து வெள்ளைதானே என்று தொட்டால் அடிக்கும். கம்பியின் அளவும் வேறு: 20 ஆம்பியர் பிரேக்கருக்கு 12 கேஜ் தாமிரம் வேண்டும், அதைவிட மெல்லிய 14 கேஜ் 15 ஆம்பியர் வரைதான். அதனால்தான் லைசென்ஸ் கேட்கிறார்கள். உங்கள் 19 வருடத்தை அவமதிக்க அல்ல.

நீங்களே போய்ச் சரிசெய்து விடாதீர்கள், அது இரண்டாவது தவறு. முதலாளி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரை அழைக்கட்டும். அந்த நிறுவனத்தில் மாஸ்டர் எலக்ட்ரீஷியன், அதாவது மேல்நிலை லைசென்ஸ் உள்ளவர், ஒருவர் கட்டாயம் இருப்பார், காப்பீடும் இருக்கும். நகராட்சியில் அனுமதி வாங்கி அவர்கள் பிரித்துப் போடுவார்கள். அந்த 400 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்ஸ்பெக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். இனித் தொடமாட்டேன், சரிசெய்ய ஆள் வருகிறது என்று சொல்லுங்கள். இதற்காக நாடு கடத்திய கதையை நான் கேட்டதில்லை, அபராதக் கதைகள் கேட்டிருக்கிறேன். கிரீன் கார்டு விஷயம் என்பதால், நோட்டீஸ் ஏதாவது கொடுத்தால் கையெழுத்திடும் முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

பிறகு, மாநில லைசென்ஸ் துறையின் இணையதளத்தில் அப்ரண்டிஸ் (பயிற்சியாளர்) லைசென்சுக்கு விண்ணப்பியுங்கள். 20 டாலர், தேர்வு கிடையாது. உங்களுக்கு வேலை செய்ய உரிமை இருப்பதால் ஏதாவது கான்ட்ராக்டரிடம் சேரலாம். மாஸ்டரின் கீழ் 8,000 மணி நேரம் முடித்தால் ஜர்னிமேன், அதாவது பயிற்சி முடித்த எலக்ட்ரீஷியன்; 7,000 முடிந்ததுமே தேர்வு எழுதலாம். 12,000 மணி நேரத்தோடு இரண்டு வருடம் ஜர்னிமேனாகவும் இருந்தால் மாஸ்டர் தேர்வு. விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துத்தான் எழுதுவோம், ஆனால் எந்தப் பக்கத்தில் எது என்று தெரியாதவனுக்கு அது தலையணைதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் நிறுவனம் மூடப்பட்டது, மாஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், அனுபவப் படிவத்தில் கையெழுத்து இல்லை. 1,900 மணி நேரம் காற்றில் போனது. எங்கே வேலை விட்டாலும் அன்றே படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள், மாஸ்டரின் லைசென்ஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் இருந்து:
எனக்கு அடுத்த மாதம் பயணம். நான் என்ன கொண்டு வர வேண்டும்?

மணலி மச்சான், டாலஸ்:
வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் தேதி, வேலை விவரம், கையெழுத்து, முத்திரையோடு கடிதம். லைசென்ஸ் மணிநேரத்துக்கு அது கணக்காகும் என்று நம்பி வராதீர்கள். முதல் வேலைக்கான பேச்சில் உதவும். டெஸ்டர் வேண்டாம், இங்கே வாங்கலாம்.

புளியந்தோப்பு வயர்மேன்:
பிரேக்கரை அணைத்துவிட்டார்கள். மாவு ஃப்ரிட்ஜும் அதே லைனில்தான், முதலாளி கத்துகிறார். கான்ட்ராக்டர் நாளை காலை வருகிறார்.