கேன்டர்பரி பேராலயம் கிழக்கே போகப்போக ஏன் குறுகுகிறது?

கேள்வி
இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத் தரைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறவிகள் உட்கார்ந்து பாடும் மண்டபம் கிழக்கே போகப்போக இருபுறமும் உள்வாங்கி, இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது. 1174 தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியதுதானே? அளவெடுத்ததில் பிழையா?

பதில் 1
பிழை இல்லை. எல்லாமே எரிந்துவிடவில்லை. 1130-இல் அர்ச்சிக்கப்பட்ட பழைய மண்டபத்தின் வெளிச்சுவர்களும் கீழே நிலவறையும் தப்பின. புனித ஆன்செல்ம், புனித அந்திரேயா பெயரிலான இரண்டு பக்கக் கோபுரங்களும் நின்றன. அவற்றை இடிக்க மனமில்லாமல், பிரான்ஸிலிருந்து வந்த தலைமைக் கொத்தனார் சான்ஸ் ஊர் வில்லியம் தூண் வரிசையையே உள்ளே வளைத்தார். எனக்கு அந்தப் பேராலயத்தில் மிகவும் பிடித்த இடமே அதுதான். பழையதற்கு வழிவிட்டுப் புதியது கட்டியிருக்கிறார்கள்.

பதில் 2
இதற்குச் சாட்சி ஜெர்வாஸ் என்ற துறவி. எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதிவைத்தார். வெளியே எரிந்த குடிசைகளின் தீப்பொறி ஈயக் கூரைக்கு அடியில் புகுந்து, உள்ளுக்குள்ளேயே கனன்றதாம். கருகிய தூண்களைக் காப்பாற்றிவிடலாம் என்று துறவிகள் நம்பியிருந்தார்கள். முடியாது என்று தெரிந்தும், அவர்கள் மனம் தாங்காதே என்று வில்லியம் கொஞ்ச நாள் சொல்லாமலே இருந்தார். பாவம், 1178-இல் சாரத்திலிருந்து விழுந்து, படுக்கையிலிருந்தபடியே வேலை வாங்கிப் பார்த்தார். முடியாமல் ஊர் திரும்பிவிட்டார். இங்கிலாந்துக்காரரான இன்னொரு வில்லியம் 1184-இல் முடித்தார்.

அப்புறம், தூண் தலைப்புகளைப் பாருங்கள். பழைய வேலை கோடரியால் செதுக்கியது, புதியது உளியால் என்கிறார் ஜெர்வாஸ். இலைகளின் ஆழமான வெட்டு, நிழல் விழும் விதம் எல்லாம் உளியின் வேலை.

கேள்வி கேட்டவர்
நன்றி. சரி, மேற்கே இருக்கும் நடுக்கூடம் வேறு ஆள் கட்டியது போல இருக்கிறதே?

பதில் 1
ஆமாம், அது 200 ஆண்டு பிந்தியது. பேராயர் லான்ஃபிராங்க் 1070-களில் கட்டியதை இடித்துவிட்டு, 1377 வாக்கில் தொடங்கினார்கள். ஹென்றி யெவெல் என்ற தலைமைக் கொத்தனாரின் வேலை என்பார்கள். லான்ஃபிராங்கின் வடமேற்குக் கோபுரம் மட்டும் அதன் பிறகும் நின்றது. தென்மேற்குக் கோபுரத்துக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று 1832-இல் அதையும் இடித்து, அதே அச்சில் ஒன்று எழுப்பினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இடிப்பதற்கு முன் வரைந்த படங்கள் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள்.