சவுண்ட் ரெக்கார்டரில் குரல் பதிவாகிறது, வகுப்பில் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை

செம்பூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் முலுண்ட், டோம்பிவ்லி பக்கம். மீதி துபாயும் புனேயும். விண்டோஸ் 11 போட்ட டெஸ்க்டாப். ஹெட்செட் லாமிங்டன் ரோட்டில் வாங்கியது, ஒற்றைப் பின் உள்ளது. கூடவே கொடுத்த இரட்டை வால் ஒயரை மாட்டி, கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சை ஓட்டையிலும் ரோஸ் ஓட்டையிலும் செருகியிருக்கிறேன். மழைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை.

இந்த வாரம் திடீரென்று நான் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பேசுவது எனக்குக் கணீரென்று கேட்கிறது. மியூட்டில் இல்லை, பார்த்துவிட்டேன். விண்டோஸோடு வரும் சவுண்ட் ரெக்கார்டரில் பேசிப் பார்த்தால் குரல் சுத்தமாகப் பதிவாகிறது. துபாய்ப் பெண் ஒருத்தி மட்டும், "நீங்க புத்தகத்தைக் காட்ட முன்னாடி வரும்போது லேசா கேக்குது டீச்சர்" என்கிறாள்.

பக்கத்துக் கடையில் கேட்டால் சவுண்ட் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ல, ள, ழ மூன்றையும் வெறும் வாயசைவில் எப்படிச் சொல்லித்தருவது? இப்போதைக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

கோரேகான் பையன்:

டிவைஸ் மேனேஜரில் ஆடியோ டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம், தானாகவே திரும்ப வந்துவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்.

தாராவி அண்ணாச்சி:

டீச்சர், போர்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். தம்பி சொன்ன டிரைவர் வேலையும் இப்போது வேண்டாம். ரெக்கார்டரில் குரல் விழுகிறது இல்லையா? ஹெட்செட், ஒயர், ரோஸ் ஓட்டை, சிப், டிரைவர் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்தக் குரல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் எதுவும் கெடவில்லை. வாடிக்கையாளர் வாயைத் திறந்ததுமே போர்டு விலை சொல்கிற கடைக்காரர்களைப் பார்த்தால் தொழில்காரனான எனக்கே எரிச்சல் வருகிறது.

விஷயத்தைப் பிடித்தது அந்தத் துபாய்ப் பெண்தான். ஹெட்செட் மைக் உங்கள் வாயோடு கூடவே வருவது. நீங்கள் முன்னால் குனிந்தாலும் பின்னால் சாய்ந்தாலும் அதற்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறாது. குனிந்தால் சத்தம் கூடுகிறது என்றால், உங்கள் வகுப்பு ஆப் கேட்டுக்கொண்டிருப்பது வேறொரு மைக்கை. அது உங்கள் எதிரே, மானிட்டர் பக்கம் இருக்கிறது. புதிதாக வெப்கேம் ஏதாவது மாட்டினீர்களா? பெரும்பாலான வெப்கேமுக்குள் ஒரு மைக்கும் சேர்ந்தே வரும்.

தூரத்து மைக்காக இருந்தாலும் மெலிசாகவாவது கேட்க வேண்டாமா என்று தோன்றும். இந்த ஆப்களில் இரைச்சலை அடக்குகிற வேலை ஒன்று தானாகவே ஓடும். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, ஜன்னலுக்கு வெளியே ரிக்ஷா சத்தம். அவற்றின் நடுவில் உங்கள் குரல் மெலிந்து வந்தால் அதையும் இரைச்சலோடு சேர்த்து வெட்டிவிடும். கிட்டே வந்ததும் குரல் ஓங்கிவிடும், அப்போது வெளியே விடும். அந்தப் பெண்ணுக்குக் கேட்டது அதுதான்.

சரி, ரெக்கார்டரில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? விண்டோஸில் மைக்குக்கு இரண்டு பதவி உண்டு. டிஃபால்ட் டிவைஸ் ஒன்று, டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ் இன்னொன்று. ரெக்கார்டர் முதலாவதை எடுத்துக்கொள்ளும். கால் பேசுகிற ஆப்கள் பலவும் இரண்டாவதைத் தேடிப் போகும். இந்த இரண்டும் வேறு வேறு மைக்கில் போய் உட்கார்ந்தால் நீங்கள் சொல்வது போலத்தான் நடக்கும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட். கீழே கடைசிவரை போனால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து 'ரெக்கார்டிங்' பக்கத்துக்குப் போங்கள். கம்ப்யூட்டரில் உள்ள மைக் எல்லாம் வரிசையாகத் தெரியும். இப்போது ஹெட்செட் மைக்கை நகத்தால் மெல்லத் தட்டி, எந்த வரியில் பச்சைக் கோடு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த வரியில் ரைட் கிளிக் செய்து 'செட் அஸ் டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' கொடுங்கள். பச்சை வட்டத்துக்குள் டெலிபோன் படம் அந்த வரிக்கு மாறும். அப்புறம் வகுப்பு ஆப்பின் ஆடியோ செட்டிங்கையும் திறந்து பாருங்கள். அங்கே தனியாக ஒரு மைக் பட்டியல் இருக்கும். விண்டோஸில் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் சில நேரம் பலன் இருக்காது.

கோரேகான் பையன்:

அண்ணாச்சி, பிரைவசி அனுமதியாகவும் இருக்கலாமே? என் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் அதுதான் மூடியிருந்தது.

தாராவி அண்ணாச்சி:

நல்ல கேள்வி தம்பி. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'மைக்ரோபோன்' என்ற இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஸ்விட்சுகள் இருக்கும். ஸ்டோரிலிருந்து வருகிற ஆப்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்கலாம். மற்ற டெஸ்க்டாப் ஆப்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கீழே ஒரே ஸ்விட்ச்தான். குரோம் போன்ற பிரௌசரும் அதில்தான் அடங்கும். சவுண்ட் ரெக்கார்டர் ஸ்டோர் வகை. அதனால் அந்தக் கீழ் ஸ்விட்ச் மட்டும் மூடிக் கிடந்தாலும் ரெக்கார்டர் ஓடும், கால் ஓடாது. உன் சந்தேகத்தில் தப்பில்லை.

ஆனால் அது மூடியிருந்தால் துபாய்க்கு லேசாகக்கூடப் போகாது, சுத்த மௌனம்தான். பொட்டுச் சத்தம்கூட இல்லை என்று யாராவது வந்தால் நானும் முதலில் அங்கேதான் பார்ப்பேன். டீச்சர் கதை அது இல்லை.

செம்பூர் டீச்சர்:

அண்ணாச்சி, வெப்கேம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது! பிள்ளைகளுக்கு முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று என் மகன் போன வாரம் வாங்கி மானிட்டர் மேல் மாட்டிவிட்டுப் போனான். நீங்கள் சொன்ன பக்கத்தில் பார்த்தால் டெலிபோன் படம் அந்த வெப்கேம் வரியில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். ஆப்புக்குள்ளும் வெப்கேம் பெயர்தான் இருந்தது, அதையும் மாற்றினேன். இன்று சாயங்கால வகுப்பில் எல்லோருக்கும் கேட்டது. "டீச்சர், கத்தாதீங்க" என்று ஒரு வாண்டு சொல்கிற அளவுக்கு!

முலுண்ட் வாசி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ப்ளூடூத் ஹெட்போன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆபீஸ் கால் ஆரம்பித்ததும் எல்லோர் குரலும் பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறது. மைக் கெட்டுவிட்டதா?

தாராவி அண்ணாச்சி:

கெடவில்லை. ப்ளூடூத்தில் பாட்டு வருகிற வழி ஏ2டிபி. அதில் நல்ல ஸ்டீரியோ உண்டு, மைக் கிடையாது. கால் வந்து ஹெட்போனின் மைக்கைத் திறந்ததும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழிக்கு மாறிவிடும். பேச்சுக்கென்று அமைத்த வழி என்பதால் தரம் இறங்கும். கால் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் ஸ்பீக்கராக ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் பழைய தரத்திலேயே கேட்கலாம்.

செம்பூர் டீச்சர்:

இன்னும் இரண்டு சந்தேகம் அண்ணாச்சி. வெப்கேமைக் கழற்றி மாட்டினால் திரும்பவும் இப்படி ஆகுமா? அப்புறம், அந்த இரட்டை வால் ஒயர் இத்துப்போகிற மாதிரி இருக்கிறது, ஒன்று உபரியாக வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். என்ன சொல்லிக் கேட்பது?

தாராவி அண்ணாச்சி:

ஆகலாம். வேறு யுஎஸ்பி ஓட்டையில் செருகினால் விண்டோஸ் அதைப் புது ஆளாக நினைத்து மறுபடி பதவி கொடுத்துவிடக்கூடும். எப்போதும் ஒரே ஓட்டையிலேயே செருகுங்கள். அதே ரெக்கார்டிங் பக்கத்தில் வெப்கேம் வரியில் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்துவிடுங்கள். மைக் மட்டும்தான் அடங்கும், படம் வழக்கம்போல வரும்.

ஒயர் வாங்கும்போது கவனம். பார்க்க ஒரே மாதிரி இரண்டு சாமான் தொங்கும். ஒரு பின்னும் இரண்டு ஓட்டையும் இருப்பது, இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கானது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: ஒரு ஓட்டை, இரண்டு பின். உங்கள் ஹெட்செட் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், இந்த ஒயரின் ஒவ்வொரு பின்னிலும் இரண்டுதான். கையோடு ஹெட்செட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய ஒயரையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பின்னில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.