ஒரு காலா, ரெண்டு காலா? வெளிநாடு வந்திருக்கும் வடசென்னைக்காரர்களுக்கு இங்கிலீஷ் பன்மை பற்றி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்திலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். பேங்க் கணக்கு, சிம் கார்டு, வாடகை வீடு பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது இங்கிலீஷில் ஒருமை, பன்மை. சின்ன வகுப்பிலேயே முடிந்துபோன பாடம்தானே என்று தோன்றும். ஆனால் இங்கே டாக்டரிடம், வீட்டு ஏஜென்ட்டிடம், ஆபீஸ் மெயிலில் நம்மவர்கள் அதிகம் தடுக்குவது இந்த ஒற்றை எஸ் எழுத்தில்தான்.

முதலில் டாக்டர் விஷயம். ஊரில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் "கால் வீங்கியிருக்கு டாக்டர்" என்றால் போதும், அவரே பார்த்துவிடுவார். ஒரு காலா ரெண்டு காலா என்று நாம் சொல்ல வேண்டிய அவசியமே வராது. இங்கே பல இடங்களில் முதல் பேச்சு போனில்தான். "மை லெக் இஸ் ஸ்வோலன்" என்று சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு கால் என்றுதான் எழுதிக்கொள்வார். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், உள்ளே ரத்தம் உறைந்து கட்டியிருக்குமோ என்ற சந்தேகம் முதலில் வரும். நீண்ட விமானப் பயணம் செய்து இப்போதுதான் வந்தவர் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். ரெண்டு காலும் வீங்கியிருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் யோசிப்பார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். ஒரு எஸ் விட்டுப்போனால் அவர் கேட்கும் கேள்விகளே வேறு பக்கம் போய்விடும். அதனால் "போத் மை லெக்ஸ்" என்றோ "ஒன்லி மை லெஃப்ட் லெக்" என்றோ உடைத்துச் சொல்லுங்கள். கண் எரிச்சல், காது வலி, கை மரத்துப்போவது எல்லாவற்றுக்கும் இதேதான். அம்மா அப்பாவுக்காக நீங்கள் போனில் பேசும்போது இதில் இரட்டைக் கவனம் வேண்டும். அவர்கள் "கண்ணு எரியுது" என்பார்கள். ஒண்ணா ரெண்டா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

பல்லுக்கும் அப்படித்தான். ஒரு பல் டூத், பல பற்கள் டீத். ஒரே ஒரு பல் வலிக்கிறது என்றால் "டூத்" என்று சொல்லி, எந்தப் பக்கம், மேலா கீழா என்பதையும் சேர்த்துச் சொன்னால் அப்பாயின்ட்மென்ட் கொடுப்பவருக்கு வேலை சுலபம். பாதத்துக்கு ஒன்று என்றால் ஃபுட், ரெண்டு என்றால் ஃபீட்.

நமக்கு இது ஏன் வருவதில்லை என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தமிழில் எண்ணைச் சொல்லிவிட்டாலே பன்மை வந்துவிடுகிறது. காசிமேட்டில் "நாலு வஞ்சிரம் குடுங்க" என்கிறோம். எம்.சி. ரோட்டில் "ரெண்டு புடவை, மூணு சட்டை" எடுக்கிறோம். அங்கே போய் "மூன்று சட்டைகள்" என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். உயிரில்லாத பொருளுக்குக் 'கள்' போடுவதும் விடுவதும் பேசுகிறவர் இஷ்டம். இங்கிலீஷில் அந்த இஷ்டம் கிடையாது. த்ரீ என்று சொன்ன பிறகும் ஷர்ட்ஸ் என்று எஸ் வந்தே ஆக வேண்டும். நம் நாக்கு "த்ரீ ஷர்ட்" என்று நிறுத்திக்கொள்வது தமிழ்ப் பழக்கம்தான். படிப்புக் குறைவு என்று யாரும் கூசிப்போக வேண்டியதில்லை. வாயில் எண் வந்ததும் எஸ் கூடவே வருகிறதா என்று கவனித்துப் பேசிப் பாருங்கள், நாளடைவில் தானாக வந்துவிடும்.

எண் வந்தும் எஸ் போடக்கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு பொருளுக்கு அடைமொழியாக முன்னால் நின்றால் எஸ் கிடையாது. ட்வென்ட்டி பவுண்ட்ஸ், ஆனால் ட்வென்ட்டி-பவுண்ட் நோட். டூ பெட்ரூம்ஸ், ஆனால் டூ-பெட்ரூம் ஃப்ளாட். பெண்ணுக்கு ஐந்து வயது என்றால் ஷி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட், ஆனால் ஐந்து வயதுப் பெண் எ ஃபைவ்-இயர்-ஓல்ட் கேர்ள். "இருபது ரூபா நோட்டு" என்று பேசிப் பழகிய நமக்கு இந்த இடம் எளிதாகப் பிடிபடும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். எஸ் விட்டுப்போவதைவிட, வரக்கூடாத இடத்தில் எஸ் போடுவதுதான் ஆபீஸில் அதிகம் கண்ணில் படும். லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்யூப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபீட்பேக், ஹோம்வொர்க், சாஃப்ட்வேர், எவிடென்ஸ். இந்த வார்த்தைகளை இங்கிலீஷ்காரர்கள் எண்ணுவதே இல்லை. அவர்களுக்கு இவை தண்ணீர், அரிசி, மணல் மாதிரி மொத்தமாக இருக்கும் சரக்கு. எத்தனை பெட்டி கொண்டுவந்தாலும் அது லக்கேஜ்தான், லக்கேஜஸ் கிடையாது. எண்ண வேண்டும் என்றால் எண்ணக்கூடிய வார்த்தைக்கு மாறிவிடுங்கள்: டூ பேக்ஸ், த்ரீ சூட்கேசஸ். இல்லாவிட்டால் டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ். இன்ஃபர்மேஷனுக்கும் அட்வைஸுக்கும் எ பீஸ் ஆஃப் அல்லது சம். மெனி இன்ஃபர்மேஷன்ஸ் வராது, எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன்தான்.

சென்னை ஆபீஸ்களில் "ஃபீட்பேக்ஸ்", "எக்யூப்மென்ட்ஸ்", "ஸ்டாஃப்ஸ்" எல்லாம் சகஜமாகப் புழங்குகிறது, யாரும் திருத்துவதும் இல்லை. அதனால் பத்து வருஷம் இங்கிலீஷில் வேலை பார்த்தவர்களுக்கும் இது தெரியாமல் இருக்கிறது. பயோடேட்டாவை அனுப்புவதற்கு முன் இந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகளிலிருந்து வருகிற ஃபிட்டர், வெல்டர் தம்பிகள் குறிப்பாக மெஷினரி என்ற சொல்லைப் பாருங்கள். மெஷின்ஸ் உண்டு, மெஷினரீஸ் கிடையாது. டூல்ஸ் உண்டு, எக்யூப்மென்ட்ஸ் கிடையாது. துறைமுகம், கன்டெய்னர் யார்டு பக்கம் இருந்தவர்களுக்கு ஃப்ரெய்ட் (ஏற்றி அனுப்பும் சரக்கு) என்ற சொல்லில் எஸ் வராது. கொருக்குப்பேட்டையில் "கூட்ஸ் வருது" என்று வண்டியைச் சொல்கிறோமே, அந்தக் கூட்ஸ் இங்கிலீஷில் சரக்கு என்ற பொருளில் எப்போதும் பன்மை. தி கூட்ஸ் ஹேவ் அரைவ்டு என்றுதான் எழுத வேண்டும். ஹேஸ் போடாதீர்கள்.

அனுபவத்தைச் சொல்லும்போது ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ். எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல்லுக்கு ரெண்டு முகம் உண்டு. வேலை அனுபவம் என்றால் எண்ண மாட்டார்கள். வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்றால் எக்ஸ்பீரியன்சஸ் என்று எண்ணுவார்கள். ஹேர் என்ற சொல்லும் அப்படித்தான். தலைமுடி முழுவதும் ஹேர். சாப்பாட்டில் கிடக்கும் ஒற்றை முடி எ ஹேர். முடிவெட்டும் கடையில் "கட் மை ஹேர்ஸ்" என்று கேட்டால், ஒவ்வொரு முடியாக எண்ணி வெட்டச் சொல்வதுபோல் அவருக்குக் கேட்கும்.

வாடகை வீட்டுக்கு வருவோம். பொருட்களோடு வீடு எடுத்தால் சாவி கொடுக்கும்போது ஒரு பட்டியல் தருவார்கள், இன்வென்டரி என்று பெயர். அறை அறையாக நாற்காலி, மெத்தை, திரைச்சீலை, சுவர், தரை எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பதும் வைக்காததும் அந்தத் தாளை வைத்துத்தான். படுக்கையறைச் சுவரில் மூன்று இடத்தில் கறை இருக்கிறது. பட்டியலில் ஸ்டெயின் ஆன் வால் என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியே கையெழுத்துப் போட்டால், நீங்கள் ஒப்புக்கொண்டது ஒரு கறைக்குத்தான். மீதி ரெண்டும் உங்கள் காலத்தில் வந்தவை என்று பின்னால் சொல்ல இடம் இருக்கிறது. த்ரீ ஸ்டெயின்ஸ் ஆன் தி பெட்ரூம் வால் என்று திருத்தி, போட்டோவோடு மெயில் அனுப்புங்கள். நாற்காலிகளில் ஒன்று ஆடுகிறது என்றால் ஒன் ஆஃப் தி சேர்ஸ் இஸ் புரோக்கன். இந்த வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்யலாம். ஒன் ஆஃப் என்று ஆரம்பித்தால் அடுத்து வரும் பொருள் பன்மை, வினை ஒருமை. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று நம்மில் பெரும்பாலோர் சொல்கிறோம், ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்தான் சரி. பல நண்பர்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட இங்கிலீஷ் வார்த்தைகளிடமும் உஷாராக இருங்கள். "ஒரு லேடீஸ் வந்தாங்க" என்று பஸ்ஸில் சொல்கிறோம். லேடீஸ் பல பெண்கள், ஒருவர் லேடி. ஜென்ட்ஸும் அப்படியே. இதற்கு நேர்மாறாக "ஒரு பேன்ட்" என்கிறோம். இங்கிலீஷில் அது ஒன்றே ஒன்றானாலும் பன்மைதான், எ பேர் ஆஃப் ட்ரவுசர்ஸ். இங்கிலாந்தில் பேன்ட்ஸ் என்றால் பெரும்பாலும் உள்ளாடை, அதனால் கடையில் ட்ரவுசர்ஸ் என்றே கேளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பேன்ட்ஸ் என்றால் நம் பேன்ட்டேதான். கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, ஜீன்ஸ் எல்லாம் இந்தக் கூட்டம். நியூஸ் என்ற சொல் பன்மை மாதிரி தெரிந்தாலும் ஒருமை. போலீஸ் ஒருமை மாதிரி தெரிந்தாலும் பன்மை: தி போலீஸ் ஆர் கமிங்.

எழுத்துக்கூட்டல் பற்றி நீட்ட மாட்டேன், போனே திருத்திவிடும். சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை, அதற்கு மேல் எஸ் வேண்டாம். ஷீப் (செம்மறி ஆடு), டியர் (மான்) ரெண்டிலும் மாற்றமே இல்லை. ஃபிஷ்ஷும் எத்தனை வாங்கினாலும் பெரும்பாலும் ஃபிஷ்தான். நைஃப், லீஃப், ஷெல்ஃப் எல்லாம் கடைசியில் வி-இ-எஸ் ஆகும். ரூஃப், சீஃப் ஆகாது.

உச்சரிப்புக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். பன்மை எஸ் எழுத்தில் ஒன்று, வாயில் மூன்று. கேட்ஸ், புக்ஸ், கப்ஸ் போன்றவற்றில் காற்றாக வரும் 'ஸ்'. டாக்ஸ், பேக்ஸ், கார்ஸ், டேஸ் போன்றவற்றில் தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும், வண்டு ரீங்காரம்போல. பஸ், பாக்ஸ், வாட்ச், பிரிட்ஜ் போன்று ஏற்கெனவே சீறும் ஒலியில் முடிபவற்றுக்கு ஒரு அசை கூடுதலாக வரும்: பஸ்ஸஸ், பாக்ஸஸ். இந்த மூன்றில் கடைசி ஒன்றைக் கட்டாயம் பழகுங்கள், மற்ற ரெண்டில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கேட்பவருக்குப் புரியும். விமன் என்பதை ஒருமையான வுமன் மாதிரி சொல்லாமல், 'விமின்' என்று இரண்டு இகரத்தோடு சொல்லுங்கள். துணிமணிக்கான சொல்லை 'க்ளாத்தஸ்' என்று இழுக்க வேண்டாம். கதவை மூடும் 'க்ளோஸ்' எப்படி வருமோ கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே வேலை கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனிப்பீர்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் பேச்சில் "டென் பவுண்ட்", "த்ரீ மைல்" என்று எஸ் இல்லாமலே சொல்வார்கள். அது அவர்கள் ஊர்ப் பேச்சு, நம் ராயபுரம் பேச்சுக்கு இருக்கும் உரிமை அதற்கும் உண்டு. காதால் கேட்டு மகிழுங்கள், ஆபீஸ் மெயிலில் டென் பவுண்ட்ஸ் என்றே எழுதுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் இங்கிலாந்தில் மேத்ஸ், அமெரிக்காவிலும் கனடாவிலும் மேத். ரெண்டும் சரி.

கடைசியாக, ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் திறன் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு, முக்கியமாக நர்ஸ் தங்கச்சிகளுக்கு. லிசனிங் தாளில் விடை பன்மையாக இருந்து நீங்கள் ஒருமையில் எழுதினால் மதிப்பெண் கிடையாது. வார்த்தையைச் சரியாகப் பிடித்தும் எஸ் விட்டதால் போய்விடும். கேள்வியைப் படிக்கும்போதே கோடிட்ட இடத்துக்கு முன்னால் எ, ஆன் இருக்கிறதா, பின்னால் வரும் வினை இஸ்ஸா ஆரா என்று பார்த்து, ஓரத்தில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். பேப்பரில் எழுதும் தேர்வு உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் விடைகளை மாற்றி எழுதக் கடைசியில் 10 நிமிடம் தருவார்கள், கம்ப்யூட்டரில் என்றால் சரிபார்க்க 2 நிமிடம்தான். அந்த நேரத்தில் புதிதாக எதையும் யோசிக்காமல், எஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, வேண்டாத இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு விடையாகப் பாருங்கள்.